பள்ளித் திடலில் அயர்லாந்து மண்கோட்டை: கான் வெட்டத் தெரிந்தவன் சொல்லும் முறை

இந்த வேலைக்கு ஒரு முளைக்குச்சி, ஒரு கயிறு, இரண்டு மண்வெட்டி போதும். பாலிஸ்டைரின் அட்டை, பெயிண்ட், பசை எதுவும் வாங்காதீர்கள். மண்ணால் ஆன ஒன்றை மண்ணால்தான் செய்து காட்ட வேண்டும். வரலாற்றுக் கண்காட்சி என்றதும் பிள்ளைகள் நான்கு மூலையிலும் கோபுரம் வைத்த அட்டைக் கோட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதற்கும் நாம் செய்யப்போவதற்கும் சம்பந்தமே இல்லை.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வெளிக்காட்டுக் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கித்தா (ரப்பர்) இருந்த காலத்திலும் சரி, செம்பனை வந்த பிறகும் சரி, கான் (வடிகால்) வெட்டுவதையும் சரிவில் படி கட்டுவதையும் மேற்பார்த்தே வயசு போனது. பேத்தி பினாங்கில் மருத்துவப் படிப்பில் சேர்ந்து, அதன் முதல் பகுதிக்கு அயர்லாந்தின் தலைநகர் டப்ளினுக்குப் போனாள். அங்கிருந்து படம் அனுப்பினாள்: பச்சைப் புல்வெளி, நடுவில் வட்டமாக ஒரு வரப்பு, அதைச் சுற்றி ஒரு பள்ளம். "தாத்தா, இதைக் கோட்டைன்னு சொல்றாங்க. மதிலையே காணோமே?" என்று கேட்டிருந்தாள். எனக்கு அது நன்றாக வெட்டிய ஒரு கானாகத்தான் தெரிந்தது. வெட்டியவன் மண்ணை வெளியே எறியாமல் உள்பக்கம் ஏற்றியிருக்கிறான், அவ்வளவுதான். அந்தக் கண்ணோடு பார்த்தால் மீதியெல்லாம் தானாகப் புரியும். ஊர்த் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளோடு சேர்ந்து இதைச் செய்யும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்ன கட்டுகிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். அயர்லாந்தில் இந்த மாதிரி வட்டக் கோட்டைகள் சுமார் 45,000 பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலானவை கி.பி. 500க்கும் 1000க்கும் இடைப்பட்ட காலத்தவை. மண்ணில் கட்டியதை ராத் என்கிறார்கள், கல்லில் கட்டியதைக் கேஷல் என்கிறார்கள். கோட்டை என்று பேர் இருந்தாலும் உள்ளே படை கிடையாது. ஒரு விவசாயக் குடும்பம், ஒன்றிரண்டு வட்டக் குடிசைகள், அடுப்பு, கன்றுகள். சாதாரணமான ஒன்றின் உட்புறம் 30 மீட்டர் குறுக்களவு இருக்கும். நாம் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்கிறோம், ஆகவே 3 மீட்டர். வரப்பும் பள்ளமும் சேர்ந்தால் 4.4 மீட்டர். சுற்றி நடந்து பார்க்க இடம் விட்டால் 6 மீட்டர் சதுரம் கேட்கும். தலைமையாசிரியரிடம் திடலின் ஓரத்தைக் கேளுங்கள். பந்து விளையாடும் நடுப்பகுதியைக் கேட்டால் கிடைக்காது.

இடம் தேர்ந்தெடுப்பதில் அந்த ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். மலை உச்சியிலும் கட்டவில்லை, சதுப்பிலும் கட்டவில்லை. தண்ணீர் நன்றாக வடியும் மென்சரிவு, அக்கம்பக்கத்து நிலம் கண்ணுக்குத் தெரிகிற உயரம், மேய்ச்சலுக்கு நல்ல மண். நீங்களும் லேசான சரிவாகப் பாருங்கள். சமதரையில் செய்தால் பின்னேர மழையில் பள்ளம் தொட்டியாகிவிடும்.

அடுத்தது வட்டம். நடுவில் முளையை அடித்து, கயிற்றில் மூன்று முடிச்சுப் போடுங்கள்: 1.5 மீட்டரில் ஒன்று, 1.9 மீட்டரில் ஒன்று, 2.2 மீட்டரில் ஒன்று. ஒரு பிள்ளை முளையைப் பிடித்துக்கொள்ள, இன்னொரு பிள்ளை கயிற்றை விறைப்பாக இழுத்துக்கொண்டு சுற்றி வரட்டும். பின்னாலேயே மூன்றாவது பிள்ளை சுண்ணாம்புத் தூளைத் தூவட்டும். முதல் வட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் வரப்பு வரும், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் பள்ளம். பள்ளம் வெளியே, வரப்பு உள்ளே. இதை மாற்றிவிடாதீர்கள். தாரா மலையில் ராத் நா ரீ என்று ஒரு பெரிய வளையம் இருக்கிறது, இந்த விவசாயக் கோட்டைகளுக்கெல்லாம் முந்தியது. அதில் பள்ளம் உள்பக்கம் இருக்கிறது. அதனாலேயே அது காவலுக்காக அல்ல, சடங்குக்காகக் கட்டியது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கான் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்தே கட்டியவன் மனசைப் படிக்கலாம்.

மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் வாசலைக் குறித்துவிடுங்கள். கிழக்கு அல்லது தென்கிழக்கு. பெரும்பாலான ராத்துகளின் வாசல் அந்தத் திசையில்தான் இருக்கிறது. அயர்லாந்தில் காற்றும் மழையும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவதால் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலை வெயிலைப் பார்த்து வாசல் வைத்தார்கள். கைப்பேசியில் திசைகாட்டி இருக்கிறது, பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் 25 சென்டிமீட்டர் அகலத்துக்கு மண்ணை வெட்டாமலே விட்டுவிட வேண்டும். அதுதான் பள்ளத்தைக் கடக்கும் பாதை. பாலம் கட்டுவதல்ல, தோண்டாமல் விடுவது. முழு வட்டத்தையும் வெட்டிவிட்டு அப்புறம் பாதைக்கு மண்ணைக் கொட்டி நிரப்பினால் முதல் மழையிலேயே உட்கார்ந்துவிடும்.

வெட்டும் வேலை

இப்போது புல். பள்ளம் வரும் இடத்திலும் வரப்பு வரும் இடத்திலும் உள்ள புல்லை வேரோடும் இரண்டு விரல் கனம் மண்ணோடும் சதுரம் சதுரமாகப் பாராங் கத்தியால் கீறி எடுத்து நிழலில் அடுக்கி வையுங்கள். தூக்கி எறிந்துவிடாதீர்கள், இதுதான் வரப்பின் கால். வரப்பின் உள் ஓரத்திலும் வெளி ஓரத்திலும் இந்தப் புல்கட்டிகளைச் செங்கல் போல அடுக்கி, நடுவில் மண்ணைப் போட வேண்டும். அங்கேயும் பல இடங்களில் வரப்பு சரியாமல் இருக்கப் புல்கட்டியையோ கல்லையோ இப்படி அணைத்து அடுக்கியிருக்கிறார்கள்.

பள்ளத்தின் மேல்வாய் 30 சென்டிமீட்டர், அடி 10 சென்டிமீட்டர், ஆழம் 20. செங்குத்தாக வெட்டாதீர்கள், இரண்டு பக்கமும் சாய்த்து வெட்டுங்கள். எங்கள் தோட்டத்தில் முப்பது வருசம் கான் வெட்டிய மண்டோர் (கங்காணி) அண்ணன் ஒருவர் இருக்கிறார். திடலில் பிள்ளைகள் நேராக வெட்டுவதைப் பார்த்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தே கத்தினார்: "அண்ணே, இது கானா கல்லறையா? சரிச்சு வெட்டச் சொல்லுங்க!" அவர் சொன்னது சரி. சரிவு இல்லாத கான் தானாகவே இடிந்து தன் சரிவைத் தேடிக்கொள்ளும்.

மண்ணை ஒரேயடியாகக் குவிக்காமல் ஐந்து சென்டிமீட்டர் போட்டதும் மண்வெட்டியின் முதுகால் தட்டுங்கள். மண் தூசியாக இருந்தால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். வரப்பின் அடி 40, உச்சி 10, உயரம் 20 சென்டிமீட்டர். இங்கே பிள்ளைகளை நிறுத்தி ஒரு விஷயத்தைக் காட்டுங்கள். மேலாக இருந்த கறுத்த மண் முதலில் வெட்டுப்படுவதால் வரப்பின் அடியில் போய்விடுகிறது. கீழே இருந்த செம்மண் கடைசியில் வருவதால் உச்சியில் உட்காருகிறது. நிலம் தலைகீழாகிவிட்டது. வரப்பைக் குறுக்கே வெட்டிப் பார்க்கும் தொல்லியலாளர்கள் இந்தத் தலைகீழ் வரிசையைத்தான் தேடுவார்கள். வரப்புக்கு அடியில் பழைய தரை அப்படியே மூடிக் கிடக்கும், அதில் இருக்கும் மகரந்தத்தை எடுத்து, கோட்டை கட்டும்போது அந்த இடம் காடாக இருந்ததா மேய்ச்சலாக இருந்ததா என்று சொல்வார்கள்.

கணக்கு வாத்தியாரை இந்த நேரத்தில் கூப்பிடுங்கள். பள்ளத்தின் குறுக்கு வெட்டுப் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர். அதன் நடுக்கோட்டுச் சுற்றளவு ஏறக்குறைய 12.9 மீட்டர். பெருக்கினால் அரைக் கன மீட்டருக்குச் சற்று மேல். வரப்புக்கு வேண்டிய மண்ணும் கிட்டத்தட்ட அதே அளவு வரும். வெட்டிய மண் உப்பும், தட்டினால் இறுகும், இரண்டும் சேர்ந்து கணக்கு நேராகிவிடும். வெளியிலிருந்து ஒரு வாளி மண் கொண்டுவர வேண்டாம், ஒரு வாளி மண் மிஞ்சவும் செய்யாது. எனக்கு இந்தக் கோட்டைகளில் பிடித்ததே இதுதான். லாரி இல்லாத காலத்தில் இதைவிடச் சிக்கனமான ஒரு வேலையை யாரும் யோசித்திருக்க முடியாது.

அடுத்த கணக்கு இன்னும் சுவையானது. உண்மையான கோட்டை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பத்து மடங்கு, ஆகவே மண் ஆயிரம் மடங்கு. அதாவது 500 கன மீட்டருக்கு மேல். ஓர் ஆள் ஒரு நாளில் இரண்டு கன மீட்டர் வெட்டி ஏற்றினான் என்று வைத்தால் 250 ஆள் வேலை. எங்கள் கானில் எஃகு மண்வெட்டி. அவர்களிடம் இருந்ததோ விளிம்பில் மட்டும் இரும்பு போட்ட மர மண்வெட்டி, அதனால் என் கணக்கு தாராளமான கணக்கு. பத்துப் பேர் சேர்ந்தாலும் ஒரு மாசம் ஓடிவிடும். ஒரு குடும்பம் தனியாகச் செய்கிற வேலையா இது?

சில கோட்டைகளுக்கு இரண்டு வளையம், சிலவற்றுக்கு மூன்று. கார்க் மாவட்டத்தில் காரன்ஸ் என்ற இடத்தில் மூன்று வளையக் கோட்டை ஒன்றை 1937இல் ஷான் ஓ ரியோர்டான் அகழ்ந்தார். உள்ளே உலோக வேலை செய்த தடயமும் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்த மண்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. பெரிய இடம்தான். ஆனால் மூன்று வளையம் போட்டால் மூன்று மடங்கு பாதுகாப்பா? எட்டாம் நூற்றாண்டு ஐரிஷ் சட்ட நூல் ஒன்று அரசனுடைய கோட்டைக்கு அளவு சொல்கிறது, 140 அடி. அதோடு, அவனுக்குக் கட்டுப்பட்டவர்கள் வந்து வெட்டிக் கொடுக்கும் வரப்பு சுற்றி இருந்தால்தான் அவன் அரசன் என்றும் சொல்கிறது. படித்ததும் எனக்குத் துரை பங்களாதான் ஞாபகம் வந்தது. மேட்டின் மேல் பங்களா, சுற்றிலும் ஆள் உயரப் பூவேலி, அதை வாரம் தவறாமல் வெட்டிவிட நாலு பேர். அந்த வேலியால் ஒரு திருடனையும் தடுக்க முடியாது. யாருக்கு எத்தனை ஆள் வேலை செய்கிறது என்பதைச் சடக்கிலிருந்தே (சாலையிலிருந்தே) பார்க்கலாம், அவ்வளவுதான். ஆகவே பிள்ளைகள் "இன்னொரு ரவுண்டு வெட்டலாமா தாத்தா?" என்று கேட்டால், வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, "யாருக்காக வெட்டுறீங்க?" என்றும் கேளுங்கள்.

அப்படியானால் காவலே இல்லையா என்றால், இருக்கிறது. பள்ளத்தின் அடியில் நிற்பவனுக்கு முன்னால் பள்ளத்தின் ஆழமும் வரப்பின் உயரமும் சேர்ந்து நிற்கின்றன. நம் மாதிரியில் 40 சென்டிமீட்டர், நிஜத்தில் 4 மீட்டர். ஓநாய்க்கு அது போதும், அயர்லாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஓநாய் இருந்தது. மனிதன் முயன்றால் ஏறிவிடுவான். ஆனால் அந்தக் காலத்துச் சண்டை பெரும்பாலும் மாடு ஓட்டிக்கொண்டு போகிற சண்டை. கறவை மாட்டை வைத்தே ஒருவன் சொத்தையும் அபராதத்தையும் கணக்கிட்ட சமூகம் அது. வரப்பேறி உள்ளே குதித்தவன் மாட்டோடு திரும்பி வரப்பேற முடியுமா? வாசல் வழியாகத்தான் வர வேண்டும், வாசல் ஒன்றுதான், அது குறுகல். அதற்குள் வீட்டுக்காரன் எழுந்துவிடுவான், பக்கத்துக் கோட்டையிலும் கூச்சல் கேட்டுவிடும். மாதங்கணக்கில் முற்றுகையைத் தாங்குவதற்காகக் கட்டியதல்ல. ஒரு இரவுத் திருட்டைத் தாமதப்படுத்தினால் போதும்.

வரப்பின் உச்சியில் சத்தே குச்சிகளை (இறைச்சி கோத்துச் சுடும் குச்சி) வரிசையாக நட்டு வேலி போட வேண்டும் என்று பிள்ளைகள் துடிப்பார்கள். மரவேலி இருந்ததற்கான குழித்தடம் அகழ்ந்த எல்லாக் கோட்டைகளிலும் கிடைக்கவில்லை. முள்செடியை வளர்த்திருக்கலாம் என்றும் கருதுகிறார்கள். ஒரு பாதிக்குக் குச்சி, மறு பாதிக்கு முள்செடிக்குப் பதிலாகத் தொட்டாற்சிணுங்கி நட்டுவிடுங்கள். தொட்டாற்சிணுங்கிக்கு நம் திடலில் பஞ்சமில்லை. வாசலுக்கு இரண்டு பக்கமும் தடித்த கம்பு ஒவ்வொன்று, பாதையில் பொடிக்கல். முடிந்தது.

குடிசை

குடிசைக்கு அவசரப்படாதீர்கள். இதில்தான் பிள்ளைகள் நிறையக் கற்றுக்கொள்வார்கள். ஆன்ட்ரிம் மாவட்டத்தில் டியர் பார்க் ஃபார்ம்ஸ் என்ற இடத்தில் 1984 முதல் 1987 வரை கிறிஸ் லின் தலைமையில் ஒரு ராத்தை அகழ்ந்தார்கள். திரும்பத் திரும்ப அதே இடத்தில் குடிசை கட்டிக் கட்டி மேடாகிப்போன கோட்டை அது. அடி அடுக்கு ஈரத்திலேயே இருந்ததால் மரமும் பின்னலும் மக்காமல் தப்பித்தன. ஒரு வாசல் நிலை மரத்தின் ஆண்டு வளையங்களை ஒப்பிட்டுப் பார்த்து, அது கி.பி. 648இல் வெட்டிய மரம் என்று கண்டுபிடித்தார்கள். சுவர்கள் கூடை பின்னுவதுபோலப் பின்னியவை, ஒன்றல்ல இரண்டு சுவர், நடுவில் காய்ந்த புல்லும் பாசியும் திணித்தது. குளிருக்கு அதுதான் போர்வை.

அவர்கள் பின்னிய ஹேசல் மரக் குச்சி நமக்கு எங்கே கிடைக்கும்? செம்பனை ஈர்க்கு இருக்கிறதே. ஓலையிலிருந்து ஈர்க்கைச் சீவி, பச்சையாக இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள், காய்ந்தால் ஒடியும். 60 சென்டிமீட்டர் குறுக்கில் ஒரு வட்டம் கீறி, தடித்த ஈர்க்குகளை மூன்று விரல் இடைவெளியில் நிமிர்த்தி நடுங்கள். வாசல் விடாமல் முழுச் சுற்றாகப் பின்னும்போது, நிமிர்ந்த ஈர்க்குகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒரே ஈர்க்கை முன்னே பின்னே, முன்னே பின்னே என்று விடாமல் பின்னிக்கொண்டே போகலாம், இரண்டாவது சுற்றில் தானாகவே மாறி விழும். இரட்டைப்படையாக இருந்தால் ஒவ்வொரு சுற்றும் ஒரே பக்கம் விழுந்து பின்னல் நிற்காது. வாசல் விடுகிற இடத்தில் ஈர்க்கை வெட்டாமல் நிலைக்கம்பைச் சுற்றி மடக்கித் திருப்புங்கள். ஒரு சாண் உயரம் வந்ததும் நான்கு விரல் தள்ளி வெளிச்சுவரைத் தொடங்கி, நடுவில் காய்ந்த லாலாங் புல்லைத் திணித்துவிடுங்கள். கூரையும் லாலாங்தான். உச்சியில் புகை போக்கிக்கு ஓட்டை வைக்காதீர்கள். ஓட்டை வைத்தால் காற்றை இழுத்து நெருப்பு கூரைக்குத் தாவும். புகை ஓலையின் ஊடாகவே கசிந்து போய்விடும்.

வீட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஒரு சின்ன வட்டத்தையும் பின்னினால், மேலிருந்து பார்க்க எட்டு என்ற எண் மாதிரி இருக்கும். டியர் பார்க் ஃபார்ம்ஸில் அப்படித்தான் இருந்தது.

விருப்பம் இருந்தால் சுரங்கமும் வைக்கலாம். சில கோட்டைகளின் அடியில் கல் அடுக்கிய குறுகிய வழி இருக்கிறது, நடுவில் ஒரு இடத்தில் தவழ்ந்துதான் போக முடியும். உணவுப்பொருளைக் குளிர்ச்சியாக வைக்கவும், ஆள் பிடிக்க வருகிறவர்களிடமிருந்து ஒளியவும் பயன்பட்டது. ஆற்றுக் கல்லை அடுக்கி மேலே தட்டைக்கல் மூடினால் போதும்.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருப்பவர்களுக்கு மண்ணே கிடையாது, வாசலெல்லாம் சிமெண்ட். அவர்கள் கேஷல் கட்டலாம். கெர்ரி மாவட்டத்து ஸ்டெய்க் கோட்டையில் சாந்து பூசாமல் அடுக்கிய கல்சுவர் அடியில் 4 மீட்டர் கனம், உயரம் 5 மீட்டருக்கு மேல் இன்னும் நிற்கிறது. கையளவுத் தட்டைக் கற்களைப் பசை இல்லாமல், இரண்டு கல் சேரும் இடத்தில் மேல் கல் உட்காருவதுபோல அடுக்கிப் பழகட்டும்.

தண்ணீர் விஷயம் கட்டாயம். பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால் கொசு, கொசு வந்தால் டிங்கி, அப்புறம் சுகாதார இலாகா. சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பள்ளத்திலிருந்து வெளியே ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி விடுங்கள். அயர்லாந்துப் பள்ளங்களும் அகழி மாதிரித் தண்ணீர் நிரப்பி வைப்பதற்காக வெட்டியவை அல்ல, மழைக்குத் தேங்கியிருக்கும், அவ்வளவே. முதலையை எல்லாம் விடாதீர்கள். ஒரு பையன் பிளாஸ்டிக் முதலையோடு வந்து நின்றான்.

இத்தனை ஆயிரம் மண்மேடு ஆயிரம் வருசமாக எப்படித் தப்பித்தது, டிராக்டர் வந்த பிறகும் ஏன் உழவில்லை என்று யாராவது கேட்பார்கள். இடிக்கப்பட்டவையும் உண்டு. ஆனால் அதற்குள் தேவதைக் கூட்டம் குடியிருக்கிறது, மண்ணைத் தொட்டாலோ அதன் மேல் வளர்ந்த வெள்முள் மரத்தை வெட்டினாலோ குடும்பத்துக்கு ஆகாது என்று ஊரில் நம்பினார்கள். 1999இல் கிளேர் மாவட்டத்தில் நெடுஞ்சாலை போடும்போது அப்படி ஒரு தனி முள்மரத்தைக் காப்பாற்றக் கதைசொல்லி எடி லெனிஹன் குரல் கொடுக்க, மரத்தை விட்டுவிட்டே சாலை போட்டார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. இப்போது சட்டமும் பாதுகாக்கிறது, அனுமதி இல்லாமல் தோண்டினால் குற்றம்.

கண்காட்சி முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிட அவசரப்படாதீர்கள். சில வாரம் மழையில் விடுங்கள். வரப்பு கரைந்து பள்ளம் பாதி நிரம்பும். பிறகு வாசலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஓர் இடத்தில் பாராங்கால் வரப்பையும் பள்ளத்தையும் சேர்த்துக் கேக் வெட்டுவதுபோல நேராகக் குறுக்கே வெட்டி, முகத்தைக் கரண்டியால் சுத்தமாகச் சீவுங்கள். பள்ளத்தின் அடியில் முதல் மழை கொண்டுவந்த கரடு மணல், அதன்மேல் வழவழப்பான செங்களி, அதன்மேல் காய்ந்த இலையும் கறுப்புமாக ஒரு கோடு, திரும்பவும் மணல். ஒவ்வொரு கோடும் ஒரு மழை. மேலிருந்து பார்க்கும்போது நாலு விரல் ஆழம்தான் தெரியும், வெட்டிப் பார்த்தால்தான் முதலில் தோண்டிய ஆழம் தெரியும். இன்றைக்கு அயர்லாந்தில் முழங்கால் ஆழமாகத் தெரியும் பள்ளங்கள் அந்தக் காலத்தில் ஆள் ஆழம் இருந்திருக்கும் என்பது இப்படித்தான் தெரியவருகிறது. அடிக்கோட்டில் ஒரு கரித்துண்டு கிடைத்தால் அதைவைத்துக் காலமும் கணிப்பார்கள். ஆகவே கட்டும்போதே ஒரு பிள்ளையிடம் சொல்லி, மற்றவர்களுக்குத் தெரியாமல் பள்ளத்தின் அடியில் ஒரு பழைய பத்து காசைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். வெட்டுமுகத்தை வரைதாளில் அளவோடு வரைந்து, காசு எந்தக் கோட்டுக்குக் கீழே கிடந்தது என்று குறிக்கட்டும். பள்ளத்தை மூடுவதெல்லாம் அதற்கப்புறம்.